குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு: ஹாரிஸ் கவுண்டி கோர்ட் பதிவைத் தேடி, கடைசி வரி வரை படிப்பது எப்படி?

ஹூஸ்டன் பக்கம் வசிக்கும் தமிழர்களிடம் இந்தத் தேடல் பல காரணங்களுக்காக வருகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போக ஒரு டிரைவரை வைக்கப் போகிறார்கள். அவர் மேல் குடித்துவிட்டு ஓட்டிய கேஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெண்ணுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு செய்தி காதில் விழுகிறது. அது உண்மைதானா என்று தெரிய வேண்டும். சிவப்பு விளக்கில் நின்ற காரை ஒருவர் போதையில் வந்து இடித்தார். அந்த வழக்கு என்ன ஆனது? அப்புறம், பலர் வெளியே சொல்லத் தயங்கும் காரணம்: வழக்கு தன் பெயரிலேயே இருக்கிறது, குடியுரிமை விண்ணப்பத்துக்கு அதன் தாள் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் போக வேண்டிய இடம் ஒன்றுதான்: வழக்கு நடந்த கவுண்டியின் கோர்ட் கிளார்க் அலுவலகம். கூகுளில் பெயரைத் தட்டியதும் முதலில் வந்து நிற்கும் கட்டணத் தளங்களிடம் போகாதீர்கள். அவர்கள் விற்பது எப்போதோ மொத்தமாக வாங்கி வைத்த தகவல். பல நேரம் அது கைதான நாளோடு நின்றுவிடும். அதன்பிறகு வழக்கு தள்ளுபடியானதோ, விடுதலையானதோ அதில் ஏறியிருக்காது. கைது வேறு, தண்டனை வேறு. இந்த வழிகாட்டியை எழுதுவதற்கே அதுதான் காரணம். பாதிப் பதிவைப் பார்த்துவிட்டு ஒரு மனிதரைப் பற்றி முடிவு கட்டுவது பெரிய அநியாயம். முழுப் பதிவையும் பார்க்கும் வசதி இலவசமாகவே இருக்கும்போது அந்த அநியாயத்தைச் செய்ய எந்தக் காரணமும் இல்லை.

ஹாரிஸ் கவுண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஹூஸ்டன் நகரத்தின் பெரும்பகுதி இதில்தான் அடக்கம். 2020 கணக்கெடுப்பின்படி 47 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அமெரிக்காவிலேயே மூன்றாவது பெரிய கவுண்டி. வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கும் தேடும் முறை ஏறக்குறைய இதேதான், அலுவலகத்தின் பெயரும் சட்டப் பிரிவும் மாறும்.

முதலில்: எந்தக் கவுண்டி, எந்தக் கோர்ட்?

வழக்கு பதிவாவது வண்டியைப் போலீஸ் நிறுத்திய இடத்தை வைத்து. அந்த ஆள் எங்கே குடியிருக்கிறார் என்பதை வைத்து அல்ல. ஹூஸ்டன் பகுதியில் இது நிறையப் பேரைக் குழப்புகிறது. கேட்டி என்ற ஒரே ஊர் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. சுகர் லேண்ட் ஃபோர்ட் பெண்ட் கவுண்டி. அதன் தலைநகர் ரிச்மண்ட். மீனாட்சி கோயில் இருக்கும் பேர்லாந்தின் பெரும்பகுதி பிரசோரியா கவுண்டி. அதற்கு ஆங்கிள்டன் போக வேண்டும். உட்லண்ட்ஸ் பெரும்பாலும் மான்ட்கோமரி கவுண்டி, கோர்ட் கான்ரோவில். ஆகவே சம்பவம் நடந்த சாலை எந்தக் கவுண்டியில் வருகிறது என்பதை முதலில் வரைபடத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். தெரியாவிட்டால் சுற்றியுள்ள எல்லாக் கவுண்டிகளிலும் தேட வேண்டியதுதான்.

டெக்சஸில் இந்தக் குற்றத்தை டி.டபிள்யூ.ஐ. என்பார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.08 இருந்தால் போதும். அளவு அதற்குக் கீழே இருந்தாலும், போதையால் நிதானம் இழந்திருந்தார் என்று நிரூபிக்க முடிந்தால் வழக்கு உண்டு. முதல் முறை என்றால் அது பி வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம். அளவு 0.15 அல்லது அதற்கு மேல் என்று நிரூபணமானாலோ, இரண்டாவது முறை என்றாலோ அதைவிடக் கடுமையான ஏ வகுப்பு. மூன்றாவது முறை ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை வண்டியில் இருந்தால் முதல் முறையே ஃபெலனி. போதையில் ஓட்டி ஒருவருக்குப் பலத்த காயம் ஏற்படுத்துவதும் உயிரைப் பறிப்பதும் இன்னும் கடுமையான தனிக் குற்றங்கள்.

இந்த வகுப்பைத் தெரிந்துகொள்வது எதற்கென்றால், பதிவு யாரிடம் இருக்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. டெக்சஸில் கவுண்டி கிளார்க், டிஸ்ட்ரிக்ட் கிளார்க் என்று இரண்டு அலுவலகங்கள். பல கவுண்டிகளில் மிஸ்டிமீனர் கோப்பு கவுண்டி கிளார்க்கிடமும், ஃபெலனி கோப்பு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமும் இருக்கும். ஃபோர்ட் பெண்ட் அப்படித்தான். இரண்டு இடத்திலும் தேட வேண்டும். ஹாரிஸில் அந்தத் தொல்லை இல்லை. மிஸ்டிமீனர் வழக்கு நடத்தும் 16 கவுண்டி கிரிமினல் கோர்ட்டுகளின் பதிவும், ஃபெலனி நடத்தும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுகளின் பதிவும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமே இருக்கின்றன.

ஒரு விதிவிலக்கு உண்டு. 21 வயது நிறையாதவர் துளி மது உடம்பில் இருக்க வண்டி ஓட்டினால் அதற்கு டி.யு.ஐ. என்று தனிச் சட்டப் பிரிவு. அது மிகச் சிறிய குற்றமான சி வகுப்பு என்பதால் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டிலோ நகராட்சி கோர்ட்டிலோ நடக்கும். கல்லூரிப் பிள்ளைகள் பற்றிய வழக்கை டிஸ்ட்ரிக்ட் கிளார்க் தளத்தில் தேடிக் காணவில்லை என்றால், அடுத்து அங்கே பாருங்கள்.

பெயரை வைத்துத் தேடுவது

ஹாரிஸ் கவுண்டி டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கின் இணையதளத்தில் பதிவுகளைத் தேடும் பகுதிக்குப் போய், கிரிமினல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கு எண்ணை வைத்துத் தேடலாம். டெக்சஸில் அதைக் காஸ் நம்பர் என்பார்கள். பெயரை வைத்தும் தேடலாம். எஸ்.பி.என். என்று ஒரு எண்ணை வைத்தும் தேடலாம். இது இந்தக் கவுண்டியின் குற்றவியல் அமைப்புக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்படும் அடையாள எண். ஒரே ஆளின் எல்லா வழக்குகளிலும் அது மாறாது. கோப்பின் தாள்களைத் திறக்கக் கணக்கு ஒன்று தொடங்கச் சொல்லும், அது இலவசம்.

காஸ் நம்பர் கையில் இருந்தால் வேலை நொடியில் முடிந்தது. பெயர் மட்டும்தான் தெரியும் என்றால், அதுவும் தமிழ்ப் பெயர் என்றால், நிதானமாகத் தேட வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அமெரிக்கப் படிவத்துக்கு அது இல்லாமல் முடியாது. அதனால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. பழனிசாமி மகன் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் எப்படி இருந்ததோ அதைப் பொறுத்து அவர் குடும்பப் பெயர் பழனிசாமியாக ஏறியிருக்கலாம், செந்தில்குமாராக ஏறியிருக்கலாம். செந்தில், குமார் என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தால் குமார் என்பதே குடும்பப் பெயராகியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தவர்களுக்கு, இல்லாத பெயரின் இடத்தில் எஃப்.என்.யு. அல்லது எல்.என்.யு. என்று நிரப்பியிருப்பார்கள். முதற்பெயர் தெரியாது, கடைசிப் பெயர் தெரியாது என்பதன் சுருக்கங்கள் அவை. இரவு இரண்டு மணிக்குச் சாலையோரத்தில் நின்று ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து எழுதப்படும் பெயர்தான் பின்னால் கோர்ட்டின் பெயராகிறது என்பதை மனதில் வையுங்கள்.

ஆகவே இரண்டு பெயரையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிரித்தும் சேர்த்தும் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் வரும் வேறுபாடுகளையும் விடாதீர்கள்: ழகரத்துக்கு இரண்டு மூன்று வழி, நெடிலுக்கு இரட்டை எழுத்து, தகரத்தோடு எச் சேர்ப்பதும் சேர்க்காததும். முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்து வரும் பட்டியலை மேய்வது சில சமயம் இன்னும் நல்ல வழி.

இதன் மறுபக்கம்தான் அதிக ஆபத்தானது. குமார், ராஜ், கிருஷ்ணன் போன்ற பெயர்களில் பலர் வருவார்கள். பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து இவர்தான் அவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த தேதி, வயது, உயரம், முகவரி என்று பதிவில் கிடைக்கும் விவரங்களில் குறைந்தது இரண்டு விவரங்களாவது பொருந்த வேண்டும். பொருந்தவில்லையா, அதை விட்டுவிடுங்கள். ஆள் சரிதான் என்று உறுதியானதும் எஸ்.பி.என். எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை வைத்து மறுபடி தேடுங்கள். பெயரை வேறு மாதிரி எழுதியதால் தப்பிப்போன வழக்குகள் இருந்தால் அப்போது வந்துவிடும்.

பதிவைப் படிப்பது

வழக்கைத் திறந்ததும் ஒரு சுருக்கப் பக்கம் வரும். கற்பனையாக ஒன்றைப் பார்ப்போம். பதிவான நாள்: 2021 மார்ச். குற்றம்: டி.டபிள்யூ.ஐ., முதல் முறை. வகுப்பு: மிஸ்டிமீனர் பி. கோர்ட்: கவுண்டி கிரிமினல் கோர்ட் 9. பாண்ட் (ஜாமீன் தொகை): 500 டாலர். பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, "ஆமாம், கேஸ் இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். இதுவரை படித்ததெல்லாம் அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு மட்டும்தான். கீழே இறங்கிப் போனால் வழக்கின் நிலை என்ற இடமும், டிஸ்போசிஷன் என்ற இடமும் இருக்கும். டிஸ்போசிஷன் என்பது வழக்கு எப்படி முடிந்தது என்ற விவரம். நீங்கள் தேடி வந்தது அந்த வரியைத்தான்.

அது தள்ளுபடி என்று இருந்தால் தண்டனை இல்லை. ஆனால் தள்ளுபடிக்கும் பல காரணம் உண்டு. அதற்கான மனுவைத் திறந்து பார்க்க வேண்டும். ஆதாரம் போதவில்லை என்று அரசு வழக்கறிஞரே கைவிட்டிருக்கலாம். விசாரணைக்கு முந்தைய சீர்திருத்தத் திட்டம் ஒன்றை முடித்ததால் கைவிட்டிருக்கலாம். இன்னொரு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் இதை விட்டிருக்கலாம். அல்லது இதே சம்பவத்துக்கு வேறு காஸ் நம்பரில் புது வழக்குப் போட்டிருக்கலாம். உதாரணமாக, பழைய தண்டனைகள் தெரியவந்து மிஸ்டிமீனர் ஃபெலனியாக ஏறினால், பழைய எண் தள்ளுபடி என்று காட்டும். உயிருள்ள வழக்கு வேறு எண்ணில் ஓடிக்கொண்டிருக்கும். இதனால்தான் எஸ்.பி.என். வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கச் சொன்னேன்.

குற்றவாளி என்று இருந்தால், அடுத்துத் தண்டனை என்ன என்று பாருங்கள். பி வகுப்புக்குக் குறைந்தது 72 மணி நேரம், அதிகபட்சம் 180 நாள் சிறை. பலருக்குச் சிறைக்குப் பதில் ப்ரொபேஷன், அதாவது நிபந்தனைகளோடு கண்காணிப்பில் வெளியே இருக்கும் தண்டனை, கிடைக்கும். டெக்சஸ் தாள்களில் அது கம்யூனிட்டி சூப்பர்விஷன் என்று இருக்கும். அதுவும் தண்டனைதான். ப்ரொபேஷனை ரத்து செய்யச் சொல்லும் மனு பின்னால் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டிரைவரை வேலைக்கு வைக்கப் போகிறவருக்கு அந்த மனு முதல் தீர்ப்பைவிட அதிகம் சொல்லும்.

டிஃபர்ட் அட்ஜுடிகேஷன் என்று இருந்தால் அது இடைப்பட்ட நிலை. நீதிபதி குற்றவாளி என்று அறிவிக்காமல் தள்ளிவைத்து, நிபந்தனைகளை ஒழுங்காக முடித்தால் வழக்கை மூடிவிடுவார். டி.டபிள்யூ.ஐ. வழக்கில் இதை 2019 செப்டம்பர் 1 முதல் அனுமதிக்கிறார்கள்; 0.15 அளவை எட்டியவர்களுக்குக் கிடையாது. மாநிலச் சட்டத்தில் இது தண்டனை அல்ல. ஆனாலும் பின்னால் இன்னொரு டி.டபிள்யூ.ஐ. வந்தால் முந்தைய குற்றமாகவே எண்ணப்படும்.

இன்னொன்றும் பார்ப்பீர்கள். டி.டபிள்யூ.ஐ. என்று தொடங்கிய வழக்கு, நெடுஞ்சாலையை மறித்த குற்றம் என்று முடிந்திருக்கும். இது பேரம் பேசி ஒப்புக்கொண்ட வேறு குற்றம். சட்டப்படி அவர் மேல் டி.டபிள்யூ.ஐ. தண்டனை இல்லை, அப்படி இருப்பதாக நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது.

உரிமம் ரத்தானது என்று கேள்விப்பட்டதை வைத்தும் தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சு அல்லது ரத்தப் பரிசோதனைக்கு மறுத்தாலே முதல் முறைக்கு 180 நாள் உரிமம் போகும். கொடுத்துத் தோற்றால் 90 நாள். ஏ.எல்.ஆர். எனப்படும் அந்த நடவடிக்கை கோர்ட் வழக்கிலிருந்து தனி. கைதானவர் 15 நாளுக்குள் விசாரணை கேட்காவிட்டால் அது தானாக நடக்கும். வழக்கில் விடுதலையான ஒருவருக்கும் உரிமம் சில மாதம் போயிருக்கலாம்.

கோப்புக்குள் என்ன இருக்கும்?

மிஸ்டிமீனர் வழக்கில் புகார் மனுவும், இன்ஃபர்மேஷன் என்ற அரசு வழக்கறிஞரின் குற்றச்சாட்டுத் தாளும் இருக்கும். ஃபெலனியில் அதற்குப் பதில், வழக்குத் தொடுக்கப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி கொடுத்த இண்டைட்மென்ட் என்ற குற்றச்சாட்டுத் தாள். அவற்றோடு பாண்ட் நிபந்தனைகள். இரண்டாவது முறை மாட்டியவர் என்றால், ஊதிக் காட்டினால்தான் இன்ஜின் கிளம்பும் இன்டர்லாக் கருவியை வண்டியில் பொருத்தும் உத்தரவு பெரும்பாலும் இருக்கும். முடிவில் தீர்ப்புத் தாள். நேரம் குறைவாக இருந்தால் குற்றச்சாட்டுத் தாள், தீர்ப்புத் தாள் இரண்டையும் மட்டும் பாருங்கள்.

போலீஸ் அறிக்கையும் வீடியோவும் கிளார்க்கிடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவற்றைக் கைது செய்த போலீஸ் துறையிடம் பொதுத் தகவல் சட்டப்படி கேட்க வேண்டும். வழக்கு நடக்கும்போது அடிப்படை விவரம் தவிர மற்றதை அவர்கள் மறுக்கலாம். அந்தச் சட்டம் கோர்ட்டுகளுக்குப் பொருந்தாது. கோர்ட் கோப்பைத் திறந்து வைப்பதற்கு விதிகள் வேறு. விபத்தில் அடிபட்டவர் என்றால், விபத்து அறிக்கையை டெக்சஸ் போக்குவரத்துத் துறையிடம் முழுதாகப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

நேரில் போவதென்றால் ஹூஸ்டன் டவுன்டவுனில் 1201 ஃபிராங்க்ளின் தெருவில் உள்ள கிரிமினல் ஜஸ்டிஸ் சென்டருக்குப் போக வேண்டும். வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு, வரிசைக்கு நேரம் வைத்துக்கொண்டு போங்கள். பழைய வழக்குகளின் தாள் இணையத்தில் இல்லாவிட்டால் காஸ் நம்பரைக் கொடுத்து அலுவலகத்தில் கேளுங்கள். படித்துத் தெரிந்துகொள்ளச் சாதாரண நகல் போதும். வேறொரு அரசு அலுவலகத்துக்குக் கொடுக்க என்றால் முத்திரையிட்ட சான்று நகலாகக் கேட்டு வாங்குங்கள்.

தேடியும் ஒன்றும் வரவில்லை என்றால்

எழுத்துக்கூட்டலும் கவுண்டியும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், வழக்கே போடாமல் விட்டிருக்கலாம். கைது மட்டும் நடந்து அரசு வழக்கறிஞர் ஏற்காத சம்பவங்கள் உண்டு. அல்லது பதிவு சட்டப்படி மறைக்கப்பட்டிருக்கலாம். எக்ஸ்பங்ஷன் கிடைத்தால் பதிவே அழிக்கப்படும். விடுதலையானவர்களுக்கும், தள்ளுபடியானவர்களில் சிலருக்கும் அது கிடைக்கும். நான்டிஸ்க்ளோஷர் உத்தரவு கிடைத்தால் பதிவு இருக்கும், பொதுமக்கள் பார்க்க முடியாது. முதல் முறை டி.டபிள்யூ.ஐ. தண்டனைக்கும், 0.15 அளவுக்குக் கீழே இருந்து மற்ற நிபந்தனைகள் பொருந்தினால், சில ஆண்டுகள் கழித்து இந்த உத்தரவு கேட்க முடியும். கோர்ட் மூடி வைத்ததை வேறு வழியில் தோண்ட முயல வேண்டாம். அந்த மனிதருக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நீதிபதி கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மாநிலம் முழுக்கத் தேட வேண்டும் என்றால் டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறை சிறு கட்டணத்துக்குப் பெயர் தேடல் வசதி தருகிறது. தண்டனையும் டிஃபர்ட் அட்ஜுடிகேஷனும் அதில் வரும். விவரம் குறைவு, எந்தக் கவுண்டி என்று தெரிந்துகொள்ள அதைப் பயன்படுத்திவிட்டு, கிளார்க்கின் கோப்புக்குத் திரும்பி வாருங்கள்.

வேலைக்கு ஆள் எடுக்க ஒரு நிறுவனத்திடம் பின்னணி அறிக்கை வாங்குகிறீர்கள் என்றால், அந்த ஆளின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். மத்தியச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. நீங்களாகவே தேடினாலும், கிடைத்ததை அவரிடம் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தவறான ஆளின் பதிவைப் பிடித்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எதுவானாலும், கைதானவரின் படத்தை வாட்ஸாப் குழுவில் போடாதீர்கள். வழக்கு தள்ளுபடியான செய்தி அந்தக் குழுவுக்கு ஒருபோதும் போய்ச் சேராது.

உங்கள் சொந்தப் பதிவை எடுக்கும்போது

கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பங்களில் கைது பற்றிய கேள்வி உண்டு. ஒவ்வொரு கைதுக்கும் முத்திரையிட்ட டிஸ்போசிஷன் நகல் கேட்பார்கள். இணையப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். தள்ளுபடியான வழக்குக்கும் இது வேண்டும்.

டெக்சஸ் சட்டமும் குடியேற்றச் சட்டமும் ஒரே தாளை வேறு வேறாகப் படிக்கின்றன. டிஃபர்ட் அட்ஜுடிகேஷன் மாநிலத்தில் தண்டனை இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதேனும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தால் குடியேற்றச் சட்டத்தில் தண்டனைதான். அழிக்கப்பட்ட கைதையும் அங்கே சொல்லியாக வேண்டும். 2019-இல் வந்த அட்டர்னி ஜெனரலின் முடிவு ஒன்றின்படி, நன்னடத்தை பார்க்கும் காலத்துக்குள் இரண்டு அல்லது அதற்கு மேல் டி.டபிள்யூ.ஐ. தண்டனை இருந்தால் நன்னடத்தை இல்லை என்றே தொடங்குவார்கள். மறுத்து நிரூபிப்பது விண்ணப்பதாரர் பொறுப்பு. எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை: கடந்த ஐந்து ஆண்டுக்குள் நடந்த ஒரு கைதை வைத்தே விசா முத்திரையை ரத்து செய்யும் வழக்கம் 2015 முதல் இருக்கிறது. இங்கே தங்கியிருப்பதை அது உடனே பாதிக்காது, ஆனால் ஊருக்குப் போனால் புது விசா எடுத்துத்தான் திரும்ப வேண்டும். டிக்கெட் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

எக்ஸ்பங்ஷனுக்கு மனுப் போட நினைத்தால், மனுவுக்கு முன்னதாகவே குற்றச்சாட்டுத் தாள், தீர்ப்பு அல்லது தள்ளுபடி உத்தரவு ஆகியவற்றின் சான்று நகல்களை மூன்று நான்கு பிரதிகளாக வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவு வந்தபின் கிளார்க்கிடம் கொடுப்பதற்குக் கோப்பே இருக்காது. ஆனால் குடியேற்ற அதிகாரி கேட்பார்.